மூன்றாம் வகுப்பில் படிக்கும் குழந்தைக்குப் பள்ளி ஆலோசகர் எதற்கு?

கேள்வி: என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். கணக்குப் பரீட்சை என்றாலே காலையில் வயிற்றுவலி வந்துவிடுகிறது. டாக்டர் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்றார். பள்ளி ஆலோசகர் வாரம் ஒருமுறை அவளைப் பார்ப்பதற்கு அனுமதி கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டால் ‘பிரச்சினைக் குழந்தை’ என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அதே ஆலோசகர் வகுப்பில் தொழில்களைப் பற்றியும் பாடம் எடுக்கிறாராம். எட்டு வயதில் அதற்கு என்ன அவசரம்?

பதில்: தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள். தொடக்கப் பள்ளி ஆலோசகர், தப்பு செய்த பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கண்டிப்பவர் அல்ல. மனநோய்க்குச் சிகிச்சை தருபவரும் அல்ல. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் இந்தப் பணியைப் படிப்பு, மனமும் உறவுகளும், தொழில் என்று மூன்றாக வகுத்திருக்கிறது. 250 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் இருக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை. பிரச்சினை உள்ளவர்களை மட்டுமல்ல, பள்ளியில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது.

முதலில் வயிற்றுவலி. அது நடிப்பு இல்லை. பயம் வந்தால் உடம்பு ஆபத்தைச் சந்திக்கத் தயாராகிறது. செரிமானம் தடுமாறி, வயிறு நிஜமாகவே பிசைகிறது. “உனக்கு ஒன்றுமில்லை, போ” என்று சொன்னால், தன் வலியை யாரும் நம்பவில்லை என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். அதற்காக, பரீட்சையன்று வீட்டிலேயே இருக்க விடுவதும் சரியல்ல. லீவு என்றதும் வலி போய்விடும். போகாததால்தான் தப்பித்தோம் என்று மனம் பதிய வைத்துக்கொள்ளும். அடுத்த பரீட்சைக்குப் பயம் இன்னும் பெரிதாகும்.

இந்தச் சுழலிலிருந்து பிள்ளையை வெளியே கொண்டுவரத்தான் ஆலோசகர். எட்டு வயதுப் பிள்ளையை உட்கார வைத்து “ஏன் பயப்படுகிறாய்?” என்று கேட்டால் “தெரியாது” என்றுதான் வரும். அதனால் அந்த அறையில் பேச்சைவிடப் படமும் விளையாட்டும்தான் அதிகம். ஒரு தாளில் மனித உருவத்தை வரைந்து கொடுத்து, பயம் எங்கே இருக்கிறதோ அங்கே கலர் அடிக்கச் சொல்வார். வயிற்றில் அழுத்தி அடிக்கும் பிள்ளை சில சமயம் விரல்களிலும் அடிக்கும். பென்சில் பிடிக்கும்போது கை நடுங்குகிறது என்ற விஷயம் அப்போதுதான் வெளியே வரும். அப்புறம் பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்பார். வீட்டில் ஒரு கணக்குப் போட 2, கடிகாரத்தை வைத்துக்கொண்டு போட 5, வகுப்பில் பரீட்சை எழுத 9 என்று ஒரு வரிசை கிடைக்கும். கீழ்ப்படியில் தொடங்கி, அந்தப் பயம் அடங்கிய பிறகே அடுத்த படி. மூச்சை மெல்ல விடவும் பழக்குவார்கள். ஆனால் பயத்தைக் குறைப்பதில் பெரும்பங்கு இந்தப் படிகளுக்குத்தான் என்பது என் கருத்து. இதற்கிடையே ஆசிரியரிடமும் பேசி, பிள்ளைக்குக் கணக்கே புரியவில்லையா என்று பார்ப்பார். அப்படியானால், முதலில் தேவை கணக்கில் உதவி.

அடிபட்டாலும் மீண்டு எழும் திறனைச் சிலர் பிறவிக் குணம் என்று நினைக்கிறார்கள். ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர்கள் எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல சிரமங்களுக்கு நடுவே வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் அக்கறையும் உள்ள பெரியவர்களாக ஆனார்கள். குழந்தையின் சுபாவமும் அதற்குக் காரணம்தான். ஆனால் அக்கறையோடு விடாமல் கூடவே நின்ற ஒரு பெரியவராவது அவர்களுக்கு இருந்ததும் திரும்பத் திரும்பத் தென்பட்டது. அது பாட்டியாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம். பள்ளி ஆலோசகராகவும் இருக்கலாம்.

இனி தொழில் விஷயம். உங்கள் மகள் என்ன ஆக வேண்டும் என்று இப்போது யாரும் முடிவு செய்யப் போவதில்லை. கவலை வேறு. ஆறு முதல் எட்டு வயதுக்குள் பிள்ளைகள் ‘இது ஆண்கள் வேலை, இது பெண்கள் வேலை’ என்று பிரித்து, பாதி வேலைகளை யோசிக்காமலே தள்ளிவிடுகிறார்கள். ஒன்பது வயதுக்கு மேல் மதிப்புக் குறைவு என்று தோன்றுவதையும் தள்ளுகிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் லிண்டா காட்ஃப்ரெட்சன் 1981-இல் விளக்கினார். டேவிட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், விஞ்ஞானியை வரையச் சொன்ன 4,807 குழந்தைகளில் 28 பேர் மட்டுமே பெண்ணை வரைந்தார்கள். அந்த 28 பேரும் சிறுமிகள். ஒரு சிறுவன்கூட இல்லை! அதனால்தான் ஆலோசகர் பெண் பொறியாளரையும் ஆண் நர்ஸையும் வகுப்புக்கு அழைத்து வந்து, காலை முதல் மாலை வரை என்ன செய்வார்கள் என்று பிள்ளைகளையே கேட்க வைக்கிறார். எட்டு வயதில் இதைச் செய்வது அவசரமே இல்லை.

கையெழுத்துப் போடும் முன் ஆலோசகரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: எத்தனை வாரம் பார்ப்பார், முன்னேற்றத்தை எதை வைத்துத் தெரிந்துகொள்வார். மகள் சொல்வதையெல்லாம் அவர் உங்களிடம் ஒப்பிக்க மாட்டார், அதை வற்புறுத்தாதீர்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் அவர் மறைக்கக் கூடாது, மறைக்கவும் மாட்டார். மகளிடம், “பரீட்சைப் பயத்தைச் சமாளிக்க உனக்கு ஒருவர் உதவப் போகிறார்” என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் “என்ன பேசினீர்கள்?” என்று குடைய வேண்டாம். தூக்கம் கெட்டாலோ, சாப்பாடு குறைந்தாலோ, பரீட்சை இல்லாத நாளிலும் பள்ளிக்குப் போக மறுத்தாலோ ஆலோசகரிடம் உடனே சொல்லுங்கள். குழந்தை மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டுமா என்று அவரே வழிகாட்டுவார்.