கேம்பல் ரிவர் டையீ குளம்: கடித்த மீன் ஏன் கழன்று போகிறது?

கனடாவின் கேம்பல் ரிவர் ஆற்று முகத்துவாரத்தில் உள்ள டையீ குளத்தில் மூன்று மாலை துடுப்புப் படகில் போயும், ஸ்பூனை (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) கடித்த மீன் ஒவ்வொன்றும் சில நொடியில் கழன்றது, கடித்ததும் துடுப்பை நிறுத்தச் சொன்னேன் என்றீர்கள். இனி மீன் கடித்ததும் துடுப்பை நிறுத்தச் சொல்லாதீர்கள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் மீன் கழன்றதற்கு அதுதான் காரணமாக இருக்கும். அங்கே பிடிபடும் பெரிய சினூக் சால்மன் மீன்களைப் பதியும் டையீ கிளப்பின் விதிப்படி ஒற்றை முள், அதிலும் எதிர்முள் (முள் கழலாமல் தடுக்கும் பின்நோக்கிய கூர்) கூடாது. தூண்டில் நரம்பு ஒரு கணம் தளர்ந்தாலும் மீன் தலையை உதறி முள்ளைக் கழற்றிவிடும். கடி விழுந்த நொடியே துடுப்பு போடுபவர் மீனை விட்டு விலகும் திசையில் இரண்டு மூன்று முறை அழுத்தி வலிக்கட்டும். நீங்கள் ரீலைச் சுற்றிக்கொண்டே இருங்கள். அந்தப் படகில் பாதி மீன்பிடிப்பு துடுப்புக்காரர் கையில்தான்.

அடுத்த முறை இறங்குமுன் முள்முனையை நகத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது, அரம் போட வேண்டும். படகு நகரும்போது கோல்நுனியையும் கவனியுங்கள். ஒரே தாளத்தில் துடிக்க வேண்டும். துடிப்பு நின்றால் ஸ்பூனில் பாசி சிக்கியிருக்கும்.

தடித்த நரம்புக்கு மட்டும் மாறிவிடாதீர்கள். நரம்பு தாங்கும் இழுவிசைக்குக் கிளப்பின் வரம்பு 20 பவுண்டு. அதை மீறினால் 30 பவுண்டோ அதற்கு மேலோ உள்ள சினூக் பிடித்தாலும் டையீயாக (அந்த எடை சினூக்குக்கு அங்குள்ள பெயர்) பதிய மாட்டார்கள். சினூக்கை வைத்துக்கொள்ளலாமா என்பது அரசின் விதி, பருவத்துக்குப் பருவம் மாறும். போகும் வாரத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.