மெஸ்மரும் கட்டிய கண்ணும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உடலில் பாயும் காந்தத் திரவத்தால் நோயைக் குணமாக்குகிறேன் என்று பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிசில் சிகிச்சை செய்த மருத்துவர் மெஸ்மர் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1784இல் பிரான்சு மன்னர் அமைத்த, விஞ்ஞானி பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இருந்த விசாரணைக் குழு 'மெஸ்மரைச் சோதித்து, ஏமாற்றுக்காரர் என்று நிரூபித்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குழு மெஸ்மரைச் சோதிக்கவே இல்லையே? சோதித்தது அவருடைய சீடரை அல்லவா? சீடருக்குக் கைவரவில்லை என்பதற்காகக் குருவைத் தள்ளிவிடலாமா? அன்று அவர் செய்ததைத்தானே இன்று ஹிப்னாடிசம் என்று மருத்துவர்களே செய்கிறார்கள்?

எம்.

அன்புள்ள எம்.,

அந்த வரியில் இரண்டு தப்பு. சோதனைக்கு வந்தவர் தெலோன் என்ற மருத்துவர், மெஸ்மரின் முக்கியச் சீடர். மெஸ்மர் ஒத்துழைக்க மறுத்துவிட்டார். அப்புறம், குழு தன் அறிக்கையில் யாரையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. இரண்டையும் திருத்திவிடுகிறேன்.

ஆனால் சீடருக்குக் கைவரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தெலோனுக்கு நன்றாகவே கைவந்தது. அவரிடம் வந்தவர்களும் துடித்தார்கள், மயங்கி விழுந்தார்கள். ஜீவகாந்தம் என்று ஒரு திரவம் உடலுக்குள் பாய்ந்துதான் இதெல்லாம் நடக்கிறதா என்பதுதான் குழுவின் கேள்வி. அதற்கு குருவானால் என்ன, சீடரானால் என்ன?

ஃபிராங்க்ளினுக்கு அப்போது 78 வயது. சிறுநீர்ப்பையில் கல், வண்டியில் போக முடியாது. அதனால் பாரிசுக்குப் பக்கத்தில் பாஸியில் இருந்த அவர் வீட்டுக்கே குழு போனது. தோட்டத்தில் ஓர் ஆப்ரிகாட் மரத்துக்குத் தெலோன் காந்தம் ஏற்றினார். பிறகு 12 வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டிக் கூட்டிவந்தார்கள். காந்தம் சட்டென்று ஏறக்கூடியவன் என்று தெலோனே பொறுக்கியெடுத்த பையன். ஒவ்வொரு மரமாக இரண்டு நிமிடம் கட்டிப்பிடிக்க வேண்டும். முதல் மரத்தில் வியர்த்து இருமினான். இரண்டாவதில் தலைவலி. மூன்றாவதில் தலைவலி கூடியது, காந்த மரத்தை நெருங்கிவிட்டேன் என்றான். நான்காவதில் கைகால் விறைத்து நினைவு தப்பிவிட்டது. தூக்கிப் புல்லில் கிடத்தினார்கள். காந்தம் ஏற்றிய மரம் அங்கிருந்து 24 அடி தள்ளி நின்றது. அதை அவன் தொடவே இல்லை.

வித்தைக்காரர் நம் கண்ணைக் கட்டுவதைத்தான் நாம் கண்கட்டு வித்தை என்கிறோம். இங்கே துணியால் கண்ணைக் கட்டியதும் வித்தை வெளுத்துவிட்டது. எல்லா மரத்திலும் இயல்பாகவே கொஞ்சம் காந்தம் உண்டு என்றார் தெலோன். அப்படியானால் காந்தம் சட்டென்று ஏறக்கூடியவர்களால் ஒரு தோட்டத்தில்கூட நடமாட முடியாதே என்று கேட்டது குழு.

வேதியியலாளர் லவாய்சியர் வீட்டில் நடந்தது இதைவிட வேடிக்கை. ஒரு பெண்ணுக்குச் சாதாரணக் கோப்பைகளை வரிசையாகக் கொடுத்தார்கள். நான்காவது கோப்பையில் துடிக்கத் தொடங்கிவிட்டார். குடிக்கத் தண்ணீர் கேட்டபோது, காந்தம் ஏற்றிய கோப்பையில் கொடுத்தார்கள். நிதானமாகக் குடித்துவிட்டு, இப்போது தேவலை என்றார்.

திரவம் என்று ஒன்றில்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று முடித்தது அறிக்கை. என் குறை இந்த இடத்தில்தான். வெறும் கற்பனை ஒரு பையனை விறைத்து விழவைக்கும் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம்! அதை நோண்டிப் பார்க்காமல் மூட்டை கட்டிவிட்டார்கள்.

ஹிப்னாடிசத்துக்கு வருகிறேன். அதே 1784இல் மெஸ்மரின் மாணவரான புய்செகூர் பிரபு, தன் பண்ணையில் விக்டர் என்ற உழவனுக்குக் காந்த சிகிச்சை செய்தார். அவன் வலிப்பு எதுவும் வராமல் அமைதியாகத் தூங்கிப்போனான். தூக்கத்திலேயே கேட்டதற்குப் பதில் சொன்னான். அறுபது வருடம் கழித்து ஜேம்ஸ் பிரெய்ட் என்ற அறுவை மருத்துவர், பளபளப்பான ஒரு பொருளை உற்றுப் பார்க்கவைத்தாலே அந்த நிலை வருகிறது, திரவம் தேவையில்லை என்று காட்டி, ஹிப்னாடிசம் என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆக, இன்றைய மருத்துவர்கள் எடுத்துக்கொண்டது மெஸ்மர் உயிராய்ப் பிடித்துக்கொண்டிருந்த திரவத்தைக் கழித்தது போக மிச்சத்தை.

மெஸ்மர் தன் திரவத்தை மனதார நம்பினார் என்றே நினைக்கிறேன். எனக்குக் கசப்பது அவர் அதை விற்ற விதம். 1783இல் சர்வ இசைவுச் சங்கம் என்று ஒன்று தொடங்கினார்கள். காந்த சிகிச்சையின் ரகசியத்தைக் கற்றுக்கொள்ள ஆளுக்கு நூறு லூயி பொற்காசு, வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து வேறு. மருந்தின் பெயரைச் சொன்னால் பலிக்காது என்பார்களே நம்மூரில், அதன் பாரிஸ் பதிப்பு. காசு சேர்ந்தபின், சங்கத்தை நடத்திய வழக்கறிஞர் பெர்காஸ், பேசிய தொகை வந்தாயிற்று, இனி ரகசியம் ஊருக்குப் பொது என்று வாதாடினார். கற்றுக்கொடுக்கும் உரிமை தனக்கு மட்டுமே என்றார் மெஸ்மர். 1785இல் பெர்காஸைச் சங்கத்திலிருந்து வெளியேற்றினார்கள். தோட்டத்தில் இல்லை என்று முடிவான ஒன்றுக்காக அடுத்த வருடமே இந்த அடிதடி.