சேறு எப்படிங்க தண்ணிய சுத்தம் பண்ணும்?

கேள்வி: சென்னைல பள்ளிக்கரணை சதுப்பு நிலம் வழியா தினமும் பைக்ல போறேன். ஒரு பக்கம் குப்பை மேட்டு நாத்தம், இன்னொரு பக்கம் கறுப்பா தண்ணி, நடுவுல கோரை. இதப்போய் தண்ணிய சுத்தம் பண்ற இடம்னு எழுதறாங்களே, நம்பலாமா?
– வேளச்சேரி வாசகர்

பதில்: நம்பலாம், ஆனா ஒரு அளவோட. கலங்கின மழைத்தண்ணிய ஒரு சொம்புல பிடிச்சு ராத்திரி அசைக்காம வச்சுப் பாருங்க, காலைல அடியில வண்டல் நிக்கும், மேல தெளிஞ்சிருக்கும். சதுப்பு நிலம் செய்யற முதல் வேலை இதுதான், தண்ணிய நிதானப்படுத்துறது. கால்வாய்ல மண்ணையும் வாரிக்கிட்டு ஓடி வந்த தண்ணி கோரைக்கும் சம்புக்கும் நடுவுல பரவினதும் வேகம் செத்துப்போய் மண்ண கீழ போட்டுடும், உரத்துலேந்தும் சாக்கடைலேந்தும் வந்து அந்த மண்ணுல ஒட்டிக்கிட்ட பாஸ்பரசும் கூடவே இறங்கிடும்.

அதே உரத்துலயும் சாக்கடையிலயும் வர்ற நைட்ரேட் அப்படி இறங்காது, கரைஞ்சே கிடக்கும். அதுக்குத்தான் சேறு வேணும். சதுப்புல கால் வச்சா கறுப்பா சேறு பீச்சிக்கிட்டு வந்து அழுகின முட்டை நாத்தம் அடிக்கும்ல, உள்ள ஆக்சிஜன் இல்லன்னு அதுக்கு அர்த்தம். அங்க இருக்கற சில பாக்டீரியா ஆக்சிஜனுக்கு பதிலா நைட்ரேட்ட வச்சு சுவாசிக்கும், அது நைட்ரஜன் வாயுவா மாறி காத்தோட போயிடும். அழுகற இலைதழைதான் அதுங்களுக்கு சாப்பாடு, அதனால புல்லையெல்லாம் வழிச்சு எடுத்து கான்கிரீட் போட்டு ஏரி மாதிரி பளிச்சுன்னு ஆக்கிட்டா இந்த வேலை நின்னுடும் (நம்மாளுங்களுக்கு அதுல தனி ஆசை).

கிழக்கு கொல்கத்தால இதையே பெரிய அளவுல பண்றாங்க. சுமார் 12,500 ஹெக்டேர், 2002ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல சேந்துச்சு. ஊர் சாக்கடை 'பேரி'ன்னு அவங்க சொல்ற ஆழமில்லாத மீன் குட்டைக்குள்ள வரும், வெயில்ல பாசி வளரும், பாசி விடற ஆக்சிஜன்ல பாக்டீரியா அழுக்க தின்னும், பாசிய மீன் தின்னும், மீன கொல்கத்தா தின்னும். துருபஜ்யோதி கோஷ்னு ஒரு அரசு இன்ஜினியர் 80கள்ல இதப் பத்தி எழுதி எழுதித்தான் வெளியுலகத்துக்கே தெரிஞ்சுது. ஆனா அங்க எவ்வளவு தண்ணி எப்ப விடணும்னு தெரிஞ்ச மீனவங்க மதகுகிட்டயே நிக்கறாங்க.

பள்ளிக்கரணைல அப்படி யாரு நிக்கறா? 2022ல அதுவும் ராம்சார் ஆச்சு, சுமார் 1,248 ஹெக்டேர். அதுக்காக எதை ஊத்தினாலும் சுத்தமாயிடும்னு நினைக்கக் கூடாது. ஈயம் மாதிரி உலோகம் எங்கயும் மறையாது, சேத்துலயே சேரும். பாஸ்பரசும் சேத்துலதான் சேரும், ஆனா சாக்கடை அதிகமாகி அடித்தண்ணில ஆக்சிஜன் தீந்துட்டா வாங்கி வச்சத சேறு திரும்ப தண்ணிக்கே விட்டுடும். நீங்க பாக்கற கறுப்புத் தண்ணி, தாங்கற அளவுக்கு மேல சுமை ஏறின சதுப்பு.

கேள்வி: கொள்ளிடம் படுகைல எங்க வாழைத்தோப்பு. வெள்ளம் ஏறாதபடி கரைய உயரமா கட்டிட்டா எல்லாருக்கும் நல்லதுதானே?
– லால்குடி பக்கத்துலேந்து ஒருத்தர்

பதில்: உங்க கஷ்டம் புரியுது, தார் தள்ற நேரத்துல தண்ணி ஏறினா வயிறு எரியும். ஆனா அமெரிக்கால மிசிசிப்பி ஆத்துக்கு ரெண்டு பக்கமும் கரை கட்டி, பக்கத்து சதுப்பையும் வடிச்சு வயலாக்கினாங்க. இப்ப மக்காச்சோளக் காட்டு உரம் வழியில எங்கயும் தங்காம நேரா மெக்சிகோ வளைகுடாக்கு போயிடுது, அங்க பாசி பெருகி, செத்து அழுகி, ஒவ்வொரு கோடையிலும் கடலடில ஆக்சிஜன் ரொம்ப குறைஞ்சு போகுது. 2017ல அளந்தப்ப அப்படி ஆன இடம் கிட்டத்தட்ட 22,700 சதுர கிலோமீட்டர். உரம் அதிகமா போடறதுதான் முதல் காரணம், ஆனா படுகை இருந்திருந்தா அதுல ஒரு பங்க பிடிச்சிருக்கும். அடுத்த தடவை வெள்ளம் வடிஞ்சதும் வாழை அடியில விரக்கடை வண்டல் நிக்கும் பாருங்க, யாரோ மேல போட்ட உரம் கொஞ்சம் அதுல இருக்கும்.