உப்பும் புளிப்பும் சேர்ந்தால் சுவை மங்குவது ஏன்?

கேள்வி: வயது 46. உப்பு தனியே கரிக்கிறது, எலுமிச்சை தனியே புளிக்கிறது. இரண்டும் சேர்த்து ஜூஸ் போட்டால் இரண்டுமே மந்தமாகத் தெரிகிறது. அடிநாக்கில் மொட்டுகள், காலையில் வெள்ளைப் படிவு. மூளையில் கட்டி இருக்குமோ? மூன்று மாதமாக நானே துத்தநாக மாத்திரை (50 மி.கி.) போடுகிறேன்.

பதில்: தனித்தனியே தெரிகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நரம்பு கெட்டால் தனிச் சுவையுமே குறைந்துவிடும். இணையத்தில் தேடினால் தலைவலிக்கும் கட்டி என்றுதான் வரும்.

உப்பின் சோடியம் ஒரு வகைச் செல்லிலும், புளிப்பின் ஹைட்ரஜன் அயனி வேறு வகைச் செல்லிலும் நுழைகின்றன. ஆனால் அங்கிருந்து கிளம்பும் நரம்பிழைகள் அவ்வளவு கறாராகப் பிரிந்தவை அல்ல. பூனையின் ஒற்றை இழைகளை அளந்த கார்ல் பாஃப்மன், சில இழைகள் புளிப்பு, உப்பு இரண்டுக்குமே துடிப்பதை 1941-லேயே காட்டினார். ஆகவே கலவையின் சுவை இரண்டின் கூட்டுத்தொகையாக இராது. லேசான அளவில் ஒன்றையொன்று தூக்கிவிடும். இரண்டும் தூக்கலானால் ஒன்றையொன்று அமுக்கும். ஒரு டம்ளருக்கு முழு எலுமிச்சையும் அரை டீஸ்பூன் உப்பும் போட்டால் அமுங்கத்தான் செய்யும். உப்பு பத்தவில்லை என்று மேலும் அள்ளிப் போடாதீர்கள். நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குள்தான் உப்பு இருக்க வேண்டும்.

அடிநாக்கு மொட்டுகள் எல்லோருக்கும் உள்ளவை. படிவுக்கு டங் கிளீனர் போதும்.

துத்தநாகத்தை இன்றே நிறுத்துங்கள். நாளுக்கு 40 மி.கி.க்கு மேல் மாதக்கணக்கில் போட்டால் உடலில் செம்பு குறையும். ரத்தச்சோகை, கால் மரத்தல், நடைத் தள்ளாட்டம் வரலாம். நரம்புக்குப் பயந்து போட்ட மாத்திரையே நரம்பைக் கெடுக்கும். ரத்த அணுக்களையும் செம்பின் அளவையும் ஒருமுறை பரிசோதியுங்கள்.

நான் கவலைப்படுவது ஒன்றுக்குத்தான்: சுவை ஒரு பக்கம் மட்டும் போவது. அரை டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, பட்ஸால் நாக்கின் வலது ஓரத்தில், நுனியிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளித் தடவுங்கள். நாக்கு நீட்டியபடியே இருக்கட்டும். உள்ளே இழுத்தால் மறுபக்கமும் பரவி, சோதனை வீண். உப்பு தெரிந்தால் கையை உயர்த்துங்கள். வாய் கொப்பளித்து, ஒரு நிமிடம் கழித்து இடப்பக்கம் பாருங்கள். பிறகு எலுமிச்சைச் சாற்றில் இதேபோல்.

ஒரு பக்கம் தெரியாமல், வாயும் கோணி, கண்ணும் மூடாவிட்டால் அது முகவாதமாக இருக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். கை கால் பலவீனமோ பேச்சுக் குழறலோ சேர்ந்தால் பக்கவாதம் என்றே எண்ணி உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். எது என்று வீட்டில் உட்கார்ந்து ஆராய வேண்டாம், அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

முகம் சரியாக இருந்து ஒரு பக்கச் சுவை மட்டும் குறைந்தால் காதைக் காட்டுங்கள். முன்நாக்கின் சுவை நரம்பு செவிப்பறையை ஒட்டி, நடுக்காது வழியாகத்தான் போகிறது. நாள்பட்ட சீழ் அதை அரிக்கும். எண்ணெய் காய்ச்சி ஊற்றாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.