இரட்டை மோட்டார் சைக்கிள் விளையாட்டு இயந்திரத்தை வாங்கலாமா?

கேள்வி: நான் சுங்கை சிப்புட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துப் பட்டணத்தில் மூடிவிட்ட ஒரு விளையாட்டு மையத்திலிருந்து, இருவர் அருகருகே ஏறி அமர்ந்து ஓட்டும் ‘மோட்டார் ரெய்டு’ இயந்திரம் விற்பனைக்கு வந்திருக்கிறது. 4,500 ரிங்கிட் கேட்கிறார்கள். இடப்பக்க வண்டி யாரும் சாய்க்காமலேயே இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. வலப்பக்கத் திரை மங்கலாக இருக்கிறது. கடையோரத்தில் வைத்தால் தோட்டத்துப் பிள்ளைகள் மாலையில் வந்து விளையாடுவார்கள் என்கிறான் என் மகன். வாங்கலாமா?

பதில்: ஐயா, நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு பழுதுகளில் முதலாவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வண்டி ஒரு பக்கமாக இழுப்பது பார்ப்பதற்குப் பெரிய கோளாறாகத் தெரிந்தாலும், பெரும்பாலும் சில ரிங்கிட் விலையுள்ள ஓர் உதிரிப்பாகத்தோடு முடிந்துவிடும். இந்த இயந்திரத்தின் விலையைத் தீர்மானிக்க வேண்டியது நீங்கள் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்ட அந்த மங்கலான திரைதான்.

‘மோட்டார் ரெய்டு’ சப்பானின் சேகா நிறுவனம் 1997இல் வெளியிட்ட விளையாட்டு. எதிர்காலத்தில் நடப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட இந்தப் பந்தயத்தில், வேகமாக ஓட்டினால் மட்டும் போதாது. பக்கத்தில் வருபவரை அடித்தும் ஆயுதத்தால் தாக்கியும் பின்னுக்குத் தள்ள வேண்டும். ஆகவே, இருவர் அருகருகே அமர்ந்தால்தான் இது களைகட்டும். விற்பவர் ஒரு வண்டியை மட்டும் பிரித்துக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரட்டையாக வாங்குவதில் இன்னொரு வசதியும் உண்டு. இரு பக்கமும் ஒரே வகையான போர்டும் (விளையாட்டை இயக்கும் மின்சுற்றுப் பலகை) திரையும் இருப்பதால், ஒரு பக்கத்துப் பாகத்தை மறுபக்கத்தில் இணைத்துப் பார்த்தே பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் அந்த இழுப்பைப் பார்ப்போம். வண்டியின் உடல் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்கிறது என்பதை அதன் அடியில் பொருத்தப்பட்டுள்ள பொட்டென்ஷியோமீட்டர் என்ற சுழல் மின்தடைதான் போர்டுக்குத் தெரிவிக்கிறது. வானொலியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கத் திருகும் குமிழுக்குள் இருப்பதும் இதே வகைதான். பல ஆண்டுகள் பிள்ளைகள் ஏறி இறங்கியதில், அதனுள் இருக்கும் கரித்தடம் தேய்ந்திருக்கும், அல்லது அதைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்து நடுநிலை நகர்ந்திருக்கும். இரண்டில் எது என்று அறிய, நாணயப் பெட்டிக் கதவுக்கு உள்ளே இருக்கும் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்திச் சோதனைப் பட்டியலைத் திறந்து, உள்ளீட்டுச் சோதனைப் பக்கத்துக்குப் போங்கள். ‘சர்வீஸ்’ பொத்தான் வரிக்கு வரி நகர்த்தும். ‘டெஸ்ட்’ பொத்தான் தேர்ந்தெடுக்கும். சேகாவின் அக்காலப் பந்தய இயந்திரங்களில் இந்த அளவு 00 முதல் எஃப்எஃப் வரையிலான பதினாறடிமான எண்ணாக (9க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை எழுத்துகள் வரும் எண் முறை) திரையில் தோன்றும்; 80 என்பது அதன் நடு; வண்டி நேராக நிற்கும்போது ஏறத்தாழ 80 என்று காட்ட வேண்டும். வண்டியை மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சாய்த்துப் பாருங்கள். எண் சீராக ஏறி இறங்கி, நடுவில் மட்டும் 80ஐ விட்டு விலகி நின்றால், திருகைத் தளர்த்தி அச்சைச் சற்றே திருப்பி மீண்டும் இறுக்கினால் போதும். எண் இடையிடையே தாவினால் கரித்தடம் போய்விட்டது என்று பொருள். அதில் துப்புரவு மருந்து தெளித்துக் கொடுத்து, “சரியாகிவிட்டது” என்பார்கள். சில வாரங்களில் மறுபடியும் இழுக்கும். புதியதை வாங்கிப் போடுவதே நல்லது. பெரும்பாலும் 5 கிலோ ஓம் அளவுள்ளதே இருக்கும். ஆனாலும் பழையதன் முதுகில் அச்சிட்டிருப்பதைப் படித்து, அச்சின் தடிமனையும் ஒப்பிட்டு வாங்குங்கள். எண் சரியாக இருந்தும் வண்டி தானே நடுவுக்குத் திரும்பாவிட்டால், குறை அடியிலுள்ள சுருள்வில்லிலோ ரப்பர் தாங்கியிலோ இருக்கிறது. அதைப் பட்டணத்து மோட்டார் சைக்கிள் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம்.

இனி திரை. இந்த விளையாட்டு ஓடுவது சேகாவின் ‘மாடல் 2’ போர்டில். அது அனுப்பும் காட்சி 24 கிலோஹெர்ட்ஸ் கிடைவீச்சு கொண்டது; அதாவது நொடிக்கு ஏறத்தாழ 24,000 கிடைக்கோடுகளைத் திரையில் வரையும். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளும் சாதாரண விளையாட்டு இயந்திரங்களின் திரைகளும் 15 கிலோஹெர்ட்ஸ் வகை என்பதால், வீட்டில் கிடக்கும் பெட்டியைக் கழற்றி இங்கே மாட்டிவிட முடியாது. விலை பேசுவதற்கு முன்பு, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இரு போர்டுகளிலிருந்தும் திரைகளுக்குப் போகும் காட்சிக் கம்பிகளை மாற்றிச் செருகச் சொல்லுங்கள். மங்கல் வலப்பக்கத் திரையிலேயே தங்கினால், பழுது அந்தத் திரையில்தான் இருக்கிறது. இடப்பக்கத்துக்கு மாறி வந்தால், போர்டையோ கம்பியையோதான் பார்க்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சூடேறச் சூடேற வெளிச்சம் கூடினால் படக்குழாய் முதுமை அடைந்துவிட்டது; அதற்கு நிலையான மருத்துவம் இல்லை. மூலைகளில் மட்டும் வண்ணத் திட்டுகள் தெரிந்தால் அது காந்தப் பாதிப்பு, எளிதில் நீங்கும். குழாய் போயிருந்தால், 24 கிலோஹெர்ட்ஸை ஏற்கும் மாற்றிப் பலகையுடன் தட்டைத் திரை பொருத்துவதுதான் நடைமுறையில் ஆகக்கூடியது. படக்குழாயின் பின்புறத்தை நீங்களோ மகனோ திறக்க வேண்டாம். அதில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அது தங்கியிருக்கும்.

மின்னிணைப்பையும் கவனியுங்கள். சப்பானிலிருந்து நேராக வந்த இயந்திரம் 100 வோல்ட்டில் ஓடுவது. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். முன்பு நடத்தியவர் உள்ளேயே டிரான்ஸ்பார்மர் வைத்திருக்கலாம், வெளியே தனியாக வைத்திருந்து அதைக் கொடுக்க மறந்தும் இருக்கலாம். பின்புறத் தகட்டைப் படிக்காமல் உங்கள் கடைச் சுவரில் செருகினால், வாங்கிய அன்றே போர்டும் திரையும் கருகும். பழைய கடைவீடுகள் சிலவற்றில் எர்த் கம்பியே இருக்காது. பிள்ளைகள் வெறுங்காலோடு ஏறக்கூடிய இரும்பு வண்டி என்பதால், பதிவு பெற்ற வயர்மேனை அழைத்து எர்த்தையும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியையும் சோதித்த பிறகே இணையுங்கள். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றிவிடுவதும் உங்கள் வழக்கமாகட்டும்.

மற்றவை சிறியவை. இரு போர்டுகளையும் இணைக்கும் ஒளியிழைக் கம்பிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாமல் இருவர் போட்டி நடக்காது. சோதனைப் பட்டியலின் நினைவகப் பக்கத்தில் எல்லா வரிகளும் ‘குட்’ என்று வர வேண்டும். மரப்பலகையின் அடிப்பாகம் ஊறி உப்பியிருந்தால் கரையானையும் தேடுங்கள்.

வருமானத்தைப் பொறுத்தவரை, மகன் நினைப்பதுபோல் நாணயப் பெட்டியைத் திறந்துவிட்டால் பணம் கொட்டாது. 1 ரிங்கிட் நாணயம் 2005 டிசம்பரிலேயே செல்லாததாகிவிட்டது. 2012இல் வந்த புதிய 50 சென் நாணயத்தைப் பழைய பெட்டி ஏற்காது. நாணய வாங்கியை மாற்ற வேண்டும், அல்லது டோக்கன் வைக்க வேண்டும். அதற்கும் முன்பு, கட்டணம் வாங்கி விளையாட விடுவது மாநிலக் கேளிக்கைச் சட்டத்துக்குள் வரும் காரியம் என்பதால், நகராண்மைக் கழகத்தில் உரிமம் பற்றி எழுத்து மூலமாகக் கேளுங்கள். மளிகைக் கடை உரிமம் இதற்குச் செல்லும் என்று விற்பவர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். வென்றவருக்குப் பணம் தரும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். 1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட இல்லச் சட்டம் குறுக்கே வரும்.

விளையாட்டு எப்படிப்பட்டது என்று மகனுக்குத் தெரிந்தால் போதும் என்றால், சேகா 2018இல் வீட்டு விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷன் 4க்கு வெளியிட்ட ‘ஜட்ஜ்மென்ட்’ என்ற விளையாட்டுக்குள்ளேயே ‘மோட்டார் ரெய்டு’ அடங்கியிருக்கிறது. உடலைச் சாய்த்து ஓட்டும் சுகம் அதில் கிடைக்காது. ஆனால் 4,500 ரிங்கிட்டைக் கொடுப்பதற்கு முன்பு சில நாள் ஆடிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் ஆசை குறையாவிட்டால், காட்சிக் கம்பிகளை மாற்றிச் செருகிய சோதனையைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். குழாய் நன்றாக இருந்தால், கேட்ட விலையிலிருந்து இழுப்புக்காகச் சிறிது குறைத்து வாங்கலாம். குழாய் போயிருந்தால், ஒரு திரைக்கான முழுச் செலவையும் கழித்துக் கேளுங்கள், ஒப்புக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள்.