ஓப்பன் சோர்ஸ் விக்கியை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால், தப்பான திருத்தங்களை யார் பார்ப்பார்கள்?

என்னைப் போல ராத்திரி சாப்பிட்டுவிட்டு ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரும் ஆட்கள்தான். சில வருடங்களாக ஆர்ச் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் விக்கியைப் பார்த்து வருகிறேன். பதவியெல்லாம் இல்லை, சாதாரணப் பயனர் கணக்கு, அவ்வளவுதான்.

விளம்பர லிங்க் ஒட்டுகிறவர்களால் எனக்குப் பெரிய தலைவலி இல்லை. கணக்கு தொடங்கும்போதே, ஆர்ச்சில் ஒரு கட்டளையை ஓட்டிப் பார்த்து விடையை எழுதச் சொல்வார்கள். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

தலைவலி நல்லெண்ணத்தோடு வருகிறவர்கள்தான். ஆர்ச்சில் மென்பொருளை நிறுவ ‘பேக்மேன் -எஸ்’ என்ற கட்டளை போதும். ஒருவர் வந்து விக்கிக் கட்டுரையில் அதோடு ஒரு ‘ஒய்’ சேர்த்துவிட்டுப் போவார். அவர் கணினியில் நிச்சயம் ஓடியிருக்கும். ஆனால் அந்த ‘ஒய்’ பொதிகளின், அதாவது நிறுவுவதற்குத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்களின், பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். ஏற்கெனவே இருக்கும் பொதிகள் பழையபடியே கிடக்கும். புது மென்பொருள் ஒரு புது லைப்ரரியை (பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை) இழுத்துக்கொண்டு வந்தால், பழைய லைப்ரரியை நம்பியிருந்த நாலு நிரல்கள் படுத்துவிடும். இப்படி அரைகுறையாக அப்டேட் செய்வதை ஆர்ச் ஆதரிப்பதில்லை. பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் காட்டும் டிஃப்பில் பார்த்தால் நீலத்தில் ஒற்றை எழுத்து, கண் சிமிட்டினால் தப்பிவிடும். நிறுவும் கட்டளையையே எழுதாதீர்கள், பொதியின் பெயரைச் சொன்னால் போதும் என்கிறது அந்த விக்கியின் நடைக் கையேடு. புதிதாக வருகிறவர் கையேட்டை எங்கே படிக்கிறார்!

பங்களிப்பவர்களுக்கு அங்கே மூன்று அடிப்படை விதிகள் உண்டு: திருத்தச் சுருக்கம் (என்ன மாற்றினீர்கள், ஏன் என்ற ஒரு வரிக் குறிப்பு) எழுதுங்கள், பெரிய மாற்றத்தை ஒரே மூச்சில் செய்யாதீர்கள், கட்டுரையை மாற்றி எழுதுவதானால் உரையாடல் பக்கத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள். என்னைக் கேட்டால் முதல் விதிதான் உயிர்.

ஒருமுறை யாரோ சுருக்கமே எழுதாமல் ஒரு பத்தியை முழுசாக நீக்கியிருந்தார். விஷமம் என்று நினைத்து அப்படியே மீட்டுவிட்டேன். மறுநாள் சந்தேகம் வந்து தேடினால், அந்தப் பத்தி சொல்லும் அமைப்பையே புதுப் பதிப்பில் எடுத்துவிட்டிருக்கிறார்கள். அவர் செய்தது சரி. ‘புதுப் பதிப்பில் இது இல்லை’ என்று நாலு வார்த்தை எழுதியிருந்தால் நான் தொட்டிருக்கவே மாட்டேன். நானும் அவசரப்பட்டேன், ஒப்புக்கொள்கிறேன். திரும்ப நீக்கிவிட்டு, அவர் பக்கத்தில் மன்னிப்பும் கேட்டேன்.

இப்போதெல்லாம் சுருக்கம் இல்லாத திருத்தத்தைப் பார்த்தால், முதலில் அந்த மென்பொருளின் வெளியீட்டுக் குறிப்பைத் திறந்து பார்க்கிறேன். அதற்கு நேரமில்லையென்றால், தகவல் சரிதானா என்று கேட்கும் வார்ப்புருவை, அதாவது ஆயத்த அறிவிப்புப் பெட்டியை, அந்த இடத்தில் போட்டு, உரையாடல் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டுப் படுக்கப் போய்விடுவேன். காலையில் யாராவது பதில் எழுதியிருப்பார்கள்.