பெட்டி ஒன்று, கட்டணம் இரண்டு: அஞ்சல் துறை மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: வக்கீல் ஐயா அவர்களுக்கு வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வீட்டிலேயே கேழ்வரகு முறுக்கும் சாமைத் தட்டையும் செய்து, கேட்பவர்களுக்குப் பார்சலில் அனுப்புகிறேன். எப்போதும் ஒரே அளவுப் பெட்டிதான். உள்ளே சரக்கோடு சேர்த்து 1 கிலோ 400 கிராம் வரும். பெரும்பாலும் சென்னைக்குத்தான் போகிறது. எங்கள் பக்கத்து அஞ்சலகத்தில் ஒரு கட்டணம் வாங்குகிறார்கள். கிருஷ்ணகிரியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகும் நாட்களில் அங்குள்ள ஓர் அஞ்சலகத்தில் கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கேட்கிறார்கள். காரணம் கேட்டதற்கு, “கம்ப்யூட்டர் காட்டுவதைத்தான் வாங்குகிறோம். அங்கே குறைவு என்றால் அங்கேயே போய் அனுப்புங்கள்” என்று பதில் வந்தது. கூடுதலாகக் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற முடியுமா? நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாமா?

பதில்: கூடுதலாக வாங்கியிருந்தால் திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வழக்கும் போடலாம். ஆனால், ஓர் அஞ்சலகத்தில் குறைவாக வாங்கினார்கள் என்பதை வைத்து இன்னொன்றில் கூடுதலாக வாங்கிவிட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. குறைத்து வாங்கியவர் தவறு செய்திருக்கலாம் அல்லவா? உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு எழுந்த முதல் சந்தேகம் அதுதான். கிருஷ்ணகிரிக்காரர் பேசிய விதம் சரியில்லை. அவர் போட்ட கணக்கு சரியாக இருக்க வாய்ப்பு இருக்கிறது.

பார்சல் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் எந்த அஞ்சலகத்துக்கும் கிடையாது. 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டத்தில் அது மத்திய அரசின் கையில் இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் உள்ள அஞ்சலகச் சட்டம், 2023 அதைத் துறையின் தலைமை இயக்குநரிடம் கொடுத்திருக்கிறது. ஆகவே நாடு முழுவதற்கும் ஒரே கட்டண விதிதான். சென்னைக்குப் போகும் பார்சலுக்குத் தருமபுரி மாவட்டத்தில் ஒன்று, கிருஷ்ணகிரியில் ஒன்று என்று இருக்கக் காரணமே இல்லை. ஸ்பீட் போஸ்டில் தூரத்தை 200, 500, 1000, 2000 கிலோமீட்டர் என்று பிரித்திருக்கிறார்கள். உங்கள் ஊரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் சென்னை 200-க்கு மேல் 500-க்குள்தான். எனவே தூரத்தால் இந்த வித்தியாசம் வரவில்லை.

அப்படியானால் எதனால்? நீங்கள் அனுப்புவது முறுக்கும் தட்டையும். எடை குறைவு, அடைக்கும் இடம் அதிகம். இப்படிப்பட்ட சரக்குக்குத் தராசு காட்டும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது கன அளவு எடை. ஸ்பீட் போஸ்ட் பார்சலுக்குத் தராசு எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். தனியார் கூரியர்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். உங்கள் பெட்டி 30, 25, 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 15,000, வகுத்தால் 3 கிலோ. தராசில் 1 கிலோ 400 காட்டிய பெட்டி கணக்கில் 3 கிலோ ஆகிவிட்டது! ஒரு கவுன்ட்டரில் டேப் வைத்து அளந்து மூன்று எண்களையும் கணினியில் இடுகிறார்கள். இன்னொன்றில், கூட்டத்தைப் பார்த்தோ தெரிந்த முகம் என்றோ, அளக்காமல் ஏதோ சிறிய எண்ணைத் தட்டிவிட்டுத் தராசு எடைக்கு ரசீது போடுகிறார்கள். “கம்ப்யூட்டர் காட்டுகிறது” என்பது பாதி உண்மைதான். கையால் கொடுத்த எண்ணுக்குத்தான் அது கணக்குப் போடுகிறது.

வேறு காரணங்களும் இருக்கலாம். இரண்டு ஊரிலும் ஒரே சேவையில்தான் அனுப்பினீர்களா? ஸ்பீட் போஸ்ட் வேறு, தரைவழியே போகும் சாதாரணப் பார்சல் வேறு. நீங்கள் வெறுமனே “பார்சல்” என்று சொல்லி நீட்டினால், எதில் பதிவது என்பதை எழுத்தர் முடிவு செய்துவிடுவார். 2025 அக்டோபர் முதல் ஸ்பீட் போஸ்டில், பெறுநரிடம் மட்டுமே கொடுக்கும் ‘பதிவு’ வசதிக்கு 5 ரூபாய், ஓடிபி சொன்னால் மட்டும் கொடுக்கும் வசதிக்கு 5 ரூபாய், இரண்டுக்கும் மேலே வரி என்று வந்திருக்கிறது; கேட்காமலே சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். எடையும் 500 கிராம் படிகளாக ஏறுவதால், பெட்டியைச் சுற்றும் டேப்பே சில நேரம் அடுத்த படிக்குத் தள்ளிவிடும். 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாப் பார்சலுக்கும் உண்டு. 2022 ஜூலை 18 முதல் அஞ்சல் அட்டை, உள்நாட்டுக் கடிதம் போன்ற சிலவற்றுக்கு மட்டும்தான் விலக்கு.

எனவே வழக்குக்கு முன்னால் ரசீதுகளை எடுத்து மேஜையில் வையுங்கள். ஊர் ரசீது ஒன்று, கிருஷ்ணகிரி ரசீது ஒன்று. ‘ஐ.என்.’ என்று முடியும் 13 இலக்கப் பதிவு எண், சேவையின் பெயர், எடை, கட்டணம், வரி என்று வரிவரியாக ஒப்பிடுங்கள். ஒன்றில் 1,400 கிராம், மற்றொன்றில் 3,000 கிராம் என்று இருந்தால் விஷயம் வெளிச்சமாகிவிடும். ரசீது தெர்மல் தாளில் அடிப்பதால் சில மாதங்களில் வெளிறிப்போகும். வாங்கிய அன்றே நகல் எடுத்துவிடுங்கள். வெள்ளைத் தாளை நீட்டி “இதில் எழுத்து இருந்ததுங்க” என்று சொல்லும் கட்சிக்காரர்கள் என் அலுவலகத்துக்கு வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். பிறகு வீட்டில் பெட்டியை அளந்து, அஞ்சல் துறை இணையதளத்தில் உள்ள கட்டணக் கணக்கீட்டுப் பகுதியில் இரண்டு பின்கோடுகளையும் போட்டுப் பாருங்கள். அங்கே வரும் தொகைதான் உங்கள் அளவுகோல்.

பார்த்ததில் ஊர் அஞ்சலகம்தான் குறைத்து வாங்கியிருக்கிறது என்று தெரிந்தால்? அந்தக் குறைந்த கட்டணத்தையே எல்லோரும் வாங்க வேண்டும் என்று கேட்க முடியாது. கவுன்ட்டரில் நடந்த தவறு விதியை மாற்றாது. பழனி தண்டாயுதபாணி சுவாமி கோயில் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். கோயில் நிர்வாகம் 1995-இல் அஞ்சலகக் கால வைப்புத் திட்டத்தில் 1 கோடியே 40 லட்சம் ரூபாய்க்கு மேல் போட்டது. அஞ்சலகமும் வாங்கி வைத்துக்கொண்டது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் நிறுவனங்கள் அதில் பணம் போட முடியாது என்று விதி மாறியிருந்தது. விஷயம் தெரிந்ததும் வட்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில், விதிக்கு மாறான வைப்புக்கு வட்டி தர மறுத்தது சேவைக் குறைபாடு ஆகாது என்று 2011-இல் தீர்ப்பானது. முருகனுக்கே அந்த நிலை. முறுக்குக்கு வேறு நீதி கிடைக்கும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன்.

பழைய பார்சல்களுக்கான பாக்கியை உங்களிடம் வசூலிப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். தரவேண்டிய கட்டணத்தைத் தர மறுப்பவரிடம் நில வரி பாக்கியைப் போல வசூலிக்கப் புதிய சட்டத்தில் வழி இருக்கிறது என்பது உண்மை. ஆனால் நீங்கள் கேட்ட தொகையைக் கேட்ட இடத்தில் கொடுத்திருக்கிறீர்கள். தணிக்கையில் பிடிபட்டால் குறைந்த தொகையைப் பதிவு செய்த ஊழியரிடம் பிடிப்பதுதான் வழக்கமாக நடப்பது.

மாறாக, கிருஷ்ணகிரியில் வாங்கியதுதான் கூடுதல் என்று தேறினால், அப்போது சட்டம் உங்கள் பக்கம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 72: தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தந்தே ஆகவேண்டும். பெற்றவர் அரசாக இருந்தாலும் இதே நியாயம்தான் என்று பனாரஸ் விற்பனை வரி அதிகாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1958-லேயே சொல்லிவிட்டது. அஞ்சல் துறையின் வக்கீல் உடனே ஒரு கேடயத்தைத் தூக்குவார்: பரிந்துரைக்கப்பட்ட அளவுக்கு மேல் எங்கள் சேவைக்குப் பொறுப்பேற்க முடியாது என்று சட்டமே சொல்கிறது என்பார். பழைய அஞ்சலகச் சட்டத்தின் பிரிவு 6 பார்சல் தொலைவது, தாமதமாவது, சேதமாவது, தவறான ஆளிடம் போவது ஆகியவற்றைப் பற்றி மட்டும் பேசியது. புதிய சட்டத்தின் வாசகம் அதைவிட விரிந்தது. அதற்கு உங்கள் பதில் இதுவாக இருக்க வேண்டும்: நான் நஷ்ட ஈடு கேட்கவில்லை, உங்களுக்குச் சேராத பணத்தைத்தான் திரும்பக் கேட்கிறேன்.

முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். அதே அஞ்சலகத்தின் அஞ்சல் அதிகாரிக்கு ஒரு மனு, கோட்டக் கண்காணிப்பாளருக்கு நகல். பதிவு எண், தேதி, பெட்டியின் அளவு, வாங்கிய தொகை, வாங்கியிருக்க வேண்டிய தொகை, இவ்வளவு போதும். எழுத்தர் எப்படிப் பேசினார் என்பதை ஒரு வரியில் முடித்துக்கொள்ளுங்கள். அதை முன்னால் வைத்தால் விசாரணை கட்டணத்தை விட்டுவிட்டு நடத்தையின் பின்னால் போய்விடும். மத்திய அரசின் சி.பி.கிராம்ஸ் என்ற குறைதீர்ப்பு இணையதளத்திலும் பதியலாம். கோட்ட அளவில் அவ்வப்போது நடக்கும் அஞ்சல் குறைதீர்ப்பு முகாமுக்கும் மனு அனுப்பலாம். நேருக்கு நேர் பேச முடிவதால், சிறு தொகை விவகாரங்கள் அங்கே சீக்கிரம் முடிவதைப் பார்த்திருக்கிறேன்.

மழுப்பலான பதில் வந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். “ஏன் அதிகம் வாங்கினீர்கள்” என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் அது தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: இன்ன பதிவு எண்ணுக்குக் கணினியில் பதிந்த எடை, நீள அகல உயரம், சேவை வகை, அன்றைய தேதியில் நடப்பில் இருந்த கட்டண ஆணையின் நகல், அந்தக் கவுன்ட்டர் தராசின் முத்திரைச் சான்றிதழ் நகல். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-இன்படி, சேவைக்குக் கட்டணம் கணக்கிடப் பயன்படும் தராசும் சரிபார்த்து முத்திரையிட்டதாக இருக்க வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை உண்டு. தராசு மீதே சந்தேகம் என்றால் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் செய்யலாம். சந்தைக்கடைத் தராசைச் சோதிப்பவர்கள் அவர்கள்தான்.

இனி உங்கள் நேரடிக் கேள்விக்கு வருகிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால், பணம் வாங்கியது கிருஷ்ணகிரியில் என்றாலும் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடலாம். இரண்டு ஆண்டுக் காலவரம்பு. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. நீங்கள் விற்பனைக்காக அனுப்புகிறீர்கள். வணிக நோக்கத்துக்குச் சேவை பெறுபவர் நுகர்வோர் அல்ல. பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டம், சுயதொழிலில் பிழைப்பு நடத்துபவர் வாங்கும் பொருள், பெறும் சேவை இரண்டையும் இந்த விலக்கிலிருந்து காப்பாற்றியது. 2019 சட்டத்தின் விளக்கத்தில் பொருள் மட்டும் இருக்கிறது. சேவை என்ற சொல் இல்லை. எதிர்த்தரப்பு இந்த ஓட்டையில் கட்டாயம் கை வைக்கும். வீட்டில் ஒருவராக முறுக்குச் சுடுவது பெரிய வணிகம் அல்ல என்று நாம் வாதாடலாம். எப்படி முடியும் என்று உறுதி சொல்ல என்னால் முடியாது.

அதனால் நான் உங்களுக்குச் சொல்வது வேறு வழி. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இல் வரும் நிரந்தர மக்கள் நீதிமன்றத்தின் வரம்புக்குள் அஞ்சல் சேவை பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. நுகர்வோரா, வணிகரா என்ற சண்டை அங்கே இல்லை. கட்டணமும் இல்லை. முதலில் சமரசம், முடியாவிட்டால் அதுவே தீர்ப்புச் சொல்லும். ஒரே நிபந்தனை, வேறு நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்பே இங்கே வரவேண்டும். தருமபுரி மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்டால் மனு கொடுக்கும் முறையைச் சொல்வார்கள். நீங்கள் பெண் என்றால், வருமானம் எவ்வளவு இருந்தாலும், உங்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை அதே சட்டத்தின் பிரிவு 12-இல் இருக்கிறது. என்னைப் போன்றவருக்கு ஃபீஸ் கொடுத்து இந்த வழக்கை நடத்தினால் மிஞ்சுவது ரசீதுகள் மட்டும்தான்.

அதுவரை பார்சல் நிற்காது அல்லவா? பெட்டியை மாற்றிப் பாருங்கள். 25, 20, 15 சென்டிமீட்டர் பெட்டிக்குக் கன அளவு எடை ஒன்றரை கிலோதான்; உங்கள் 1 கிலோ 400 கிராமும் அதே 500 கிராம் படிக்குள் வந்துவிடும். முறுக்கு நொறுங்காமல் அடுக்குவது உங்கள் கைப்பக்குவம். கவுன்ட்டரில் “ஸ்பீட் போஸ்ட் பார்சல், கூடுதல் வசதி எதுவும் வேண்டாம்” என்று சொல்லி, அளவுகளைப் பெட்டியின் மேலேயே எழுதிக் கொடுங்கள். மாதந்தோறும் எண்ணிக்கை கூடினால், மொத்தமாக அனுப்பும் புதிய வாடிக்கையாளர்களுக்கு ஸ்பீட் போஸ்டில் 5 சதவீதத் தள்ளுபடி இருக்கிறது. கோட்ட அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.